டார்கா ஃப்ளோரியோ: ஒரு சுத்து 72 கிலோமீட்டரா? அத எப்படி ரேஸ் ஓட்டினாங்க?

நாலாவது கியர்:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா மண்டைய கொடையுற ஒரு விஷயம், தெரிஞ்சவங்க விளக்குங்க. போர்ஷே 911ல டார்கான்னு ஒரு மாடல் வருதுல்ல, தலைக்கு மேல இருக்கிற கூரைய மட்டும் எடுத்துக்கலாம், சீட்டுக்குப் பின்னாடி பட்டையா ஒரு வளைவு நிக்கும், அதுக்கு ஏன் அந்தப் பேருன்னு தேடப்போயி, சிசிலித் தீவுல வருஷா வருஷம் நடந்த டார்கா ஃப்ளோரியோங்கிற ரேஸ்ல வந்து நின்னேன். அதோட ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு, பழைய போட்டோவா பாத்துட்டே இருக்கேன்.

ஒரு போட்டோவுல ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு ஒரு ஊருக்குள்ள தெருவுல வளைஞ்சு போகுது, காருக்கும் வீட்டு வாசப்படிக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கத்தான் எடம், அங்கயும் ஒருத்தர் நிக்கிறாரு. தடுப்பு எதுவும் இல்ல. கருப்பு வெள்ளை காலத்துப் படமா இருந்தா கூட சரி அந்தக் காலம்னு விட்டிருப்பேன், இது கலர் படம், கார் 1970கள்ல ஓடின வண்டி.

என்னோட சந்தேகம் இதான். ஒரு சுத்து 72 கிலோமீட்டர்னு போட்டிருக்கு, அது 7.2ஆ, இல்ல நெசமாவே 72ஆ? 72ன்னா அத்தன வளைவையும் ஒருத்தன் எப்படி ஞாபகம் வெச்சிருப்பான்? அப்புறம் மில்லே மிலியா ரேஸ 1957லயே நிறுத்திட்டாங்க, அதே நாட்டுல இது மட்டும் எப்படி 1977 வரைக்கும் நடந்துச்சு? தெரிஞ்சவங்க கொஞ்சம் நீட்டியே எழுதுங்க, எவ்ளோ இருந்தாலும் படிப்பேன்.

பழைய கார்பரேட்டர்:

72தான் தம்பி, புள்ளி எங்கயும் விட்டுப்போகல. அதுவும் அவங்க கணக்குல அது சின்ன சுத்து, பேரே பிக்கோலோ, அதாவது சின்னது. 1906ல ஆரம்பிச்சப்போ ஒரு சுத்து கிட்டத்தட்ட 148 கிலோமீட்டர். 1919லருந்து 1930 வரைக்கும் 108 கிலோமீட்டர், அது நடு சுத்து. 1932லதான் 72 ஆச்சு. நடுவுல சில வருஷம் சுத்தே இல்ல, சிசிலித் தீவையே ஒரு ரவுண்டு அடிச்சு வரணும், ஆயிரம் கிலோமீட்டர் கிட்ட வரும், 1912லருந்து 1914 வரைக்கும் அப்படித்தான், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு 1948லயும் அப்படித்தான் திரும்ப ஆரம்பிச்சாங்க.

ஆரம்பிச்சவர் வின்சென்ஸோ ஃப்ளோரியோ. சிசிலியில பெரிய கை அந்தக் குடும்பம், கப்பல், மார்சாலா ஒயின், சூரை மீன்னு எல்லாத்துலயும் அவங்க இருந்தாங்க. இவருக்கு மோட்டார் கார் பைத்தியம். டார்கான்னா இத்தாலிய மொழியில தகடு, ஜெயிக்கிறவனுக்குக் குடுக்கிற பரிசுத் தகடு. ஃப்ளோரியோ குடுக்கிற தகடு, அவ்ளோதான் பேரு. இன்னிக்கு அந்த வார்த்தைய சொன்னா கழட்டுற கூரைதான் ஞாபகம் வருது.

மொத ரேஸ் 1906 மே 6. எடம் மடோனி மலை, பலெர்மோவுக்குக் கிழக்கால, கடலோரத்துலருந்து நேரா மேல ஏறுற மலை. அங்க அப்போ தார் ரோடெல்லாம் கிடையாது, கழுதையும் வண்டியும் போற கல்லு மண்ணு பாதை. மூணு சுத்து. ஜெயிச்சது அலெஸாண்ட்ரோ கான்யோ, இட்டாலாங்கிற கம்பெனி காரு. ஒம்போதரை மணி நேரம் ஓட்டியிருக்காரு, சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீட்டர் கூட வரல. இந்த நம்பர பாத்து சாதாரணமா நினைக்காதீங்க, அந்தப் பாதையில அந்தக் காருல உக்காந்து ஒம்போதரை மணி நேரம்னா கையும் இடுப்பும் என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க.

இன்னொண்ணு முக்கியம், எல்லாரும் ஒண்ணா வரிசை கட்டி கிளம்புற ரேஸ் இல்ல இது. அவ்ளோ குறுகலான ரோட்டுல அது முடியாது. ஒவ்வொரு காரா இடைவெளி விட்டு அனுப்புவாங்க, கடிகாரம்தான் எதிரி. நீங்க முந்திட்டுப் போற காரு உங்களுக்குப் பின்னாடி எடத்துல இருக்கலாம், முன்னாடி எடத்துலயும் இருக்கலாம். நாம எத்தனாவதா இருக்கோம்னு ஓட்டுறவனுக்கு மலைக்குள்ள போனப்புறம் தெரியாது.

1919 கதைய சொல்லாம விட முடியல. மொத உலகப்போர் முடிஞ்ச கையோட நடந்த ரேஸ், மழையும் குளிருமா மோசமான நாளு. பிரான்ஸ்காரர் ஆந்த்ரே புவாயோ, பெஜோ காருல வர்றாரு, வழியெல்லாம் பல தடவ ரோட்ட விட்டு எறங்கி ஏறி வந்திருக்காரு, முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியுது, அதுக்குள்ள சனம் ஜெயிச்சாச்சுன்னு ரோட்டுக்கு எறங்கிருச்சு. ஆளுங்கள தவிர்க்க பிரேக்க அழுத்தினதுல காரு சுத்தி அப்படியே பின்பக்கமா போயி மேடையோரத்துல மோதிருச்சு. திரும்ப காருல ஏத்தி விட்டாங்க, அவரு ரிவர்ஸ்லயே கோட்ட தாண்டிட்டாரு. பின்பக்கமா தாண்டினா செல்லாதுன்னு தகராறு வரும்னு சொல்லி மறுபடி காரோட திரும்பி வந்து முன்பக்கமா தாண்டி முடிச்சாரு. ஜெயிச்சது அவருதான். அந்த ரேஸ்ல ஓட்டினவங்கள்ல என்ஸோ ஃபெராரியும் ஒருத்தர், அப்போ அவரு வெறும் ஓட்டுநர், கம்பெனியெல்லாம் ரொம்ப பின்னாடி. அடுத்த வருஷம் 1920ல ஆல்ஃபா ரோமியோவுல ரெண்டாவது வந்தாரு.

1924ல மெர்சிடிஸ் வந்தாங்க. ஜெர்மனி கார்னா வெள்ளை நிறம்தான் வழக்கம், அந்த வருஷம் மட்டும் இத்தாலிக் காரு மாதிரி சிவப்பு அடிச்சுட்டு வந்தாங்க. வெளிநாட்டுக் காருன்னு தூரத்துலயே தெரிஞ்சா ரோட்டோரத்துல நிக்கிறவன் கல்லு விடுவான்னு பயம்னு சொல்வாங்க. கிறிஸ்டியன் வெர்னர் ஜெயிச்சாரு. அதுக்கப்புறம் 1925லருந்து 1929 வரைக்கும் அஞ்சு வருஷம் புகாட்டிய யாரும் அசைக்க முடியல. அத உடைச்சது 1930ல அக்கில்லே வார்ஸி, ஆல்ஃபா பி2 காரு, கடைசிச் சுத்துல பெட்ரோல் ஒழுகி பின்னாடி தீ பிடிச்சிருச்சு, நிறுத்தினா ரேஸ் போச்சு, அவரு ஓட்டிட்டே இருக்காரு, பக்கத்துல உக்காந்திருந்த மெக்கானிக் சீட்டு மெத்தைய உருவி தீய அடிச்சு அணைச்சுட்டே வந்திருக்காரு. ஜெயிச்சாங்க. அந்த மெக்கானிக் பேரு எந்தக் கோப்பையிலயும் இருக்காது, ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த ரேஸ் அவருக்கும் பாதி சொந்தம்.

ஞாபகம் வெச்சுக்கிற கேள்விக்கு இன்னொருத்தர் வந்து எழுதுவாரு, எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு பேரு மட்டும் நான் சொல்லிடுறேன், எலிஷ்கா யுன்கோவா.

மலைப்பாதை:

கார்பரேட்டர் அண்ணே என்னைத்தான் சொல்றாருன்னு நினைக்கிறேன், வந்துட்டேன்.

எலிஷ்கா யுன்கோவா செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக்காரங்க. 1927ல மொத தடவ வந்தாங்க, ஸ்டீரிங் கெட்டுப் பாதியில நின்னுச்சு. மறுவருஷம் முன்கூட்டியே வந்து அந்த 108 கிலோமீட்டரையும் உக்காந்து படிச்சாங்க, உடம்பு பலத்துல ஆம்பளைங்களோட மல்லுக்கட்டுறத விட ரோட்ட அவங்களவிட நல்லாத் தெரிஞ்சு வெச்சுக்கறதுதான் வழின்னு முடிவு பண்ணி, இந்தப் பாறை வந்தா இடது, இந்த மரம் தாண்டினா பிரேக்குன்னு அடையாளம் அடையாளமா மனசுல ஏத்தினாங்க. 1928 ரேஸ்ல ஒரு கட்டத்துல மொத எடத்துலயே இருந்தாங்க, புகாட்டி கம்பெனி ஓட்டுநருங்களும் பெரிய பெரிய பேருங்களும் பின்னாடி. கடைசியில வண்டி தொல்லை குடுத்து அஞ்சாவதா முடிச்சாங்க. எனக்கு அந்த அஞ்சாவது எடம் சில பேரோட மொத எடத்தவிட பெருசு. அதே வருஷம் அவங்க கணவர் நுர்பர்க்ரிங் ரேஸ்ல இறந்துட்டாரு, அதோட இவங்களும் ரேஸ விட்டுட்டாங்க.

இப்போ உங்க கேள்வி. எப்படி ஞாபகம் வெச்சாங்க? மில்லே மிலியாவோட ஒப்பிட்டா நல்லா புரியும். அது ஆயிரம் மைல், பிரெஷியாவுலருந்து ரோம் போயி திரும்ப வரணும், 1600 கிலோமீட்டர், எவனாலயும் மனப்பாடம் பண்ண முடியாது. அதனாலதான் 1955ல ஸ்டிர்லிங் மோஸ் பக்கத்துல டெனிஸ் ஜென்கின்சன் உக்காந்து, நீளமான காகிதச் சுருள்ல வளைவெல்லாம் எழுதி வெச்சு, ஒரு பெட்டிக்குள்ள உருட்டிட்டே கை சைகை காட்டினாரு, 10 மணி 7 நிமிஷத்துல முடிச்சாங்க. டார்காவுல அப்படி இல்ல. 72 கிலோமீட்டர் ரொம்ப நீளம்தான், ஆனா ஒரு மனுஷன் முயற்சி பண்ணா தலைக்குள்ள போயிரும். போகுங்கிற நம்பிக்கைதான் அந்த ரேஸோட பிடியே. பாதி தெரிஞ்சவன் ரெண்டு நிமிஷம் பின்னாடி, முழுசா தெரிஞ்சவன் முன்னாடி, தெரியும்னு நினைச்சவன் பள்ளத்துல.

எப்படின்னா, செர்டாங்கிற ஊருக்குக் கீழ பிட்டு, அதாவது ரேஸ் நடுவுல டயர் மாத்தி பெட்ரோல் போடுற எடம், கிளம்பின உடனே ஏத்தம், செர்டா ஊருக்குள்ள புகுந்து, கால்டாவுட்டூரோ பக்கம் மேல ஏறி, அங்கேருந்து திரும்பி கொல்லெசானோ, அப்புறம் எறக்கத்துல காம்போஃபெலிச்சே, அதத் தாண்டினா கடல். கடலோரமா புவோன்ஃபோர்னெல்லோ நேர்கோடு, ஆறு கிலோமீட்டருக்கு மேல நேரா போகும். அதுவரைக்கும் அரை மணி நேரம் இடதும் வலதும் திருப்பிட்டே வந்த கைக்கு அங்கதான் ஓய்வு, ஆனா அங்கதான் உச்ச வேகம். அது முடிஞ்சா மறுபடி மேல, மறுபடி அதே நூத்துக்கணக்கான வளைவு. 1970 ரேஸ்ல இந்த மாதிரி 11 சுத்து, 792 கிலோமீட்டர், ரெண்டு ஓட்டுநர் மாத்தி மாத்தி.

பயிற்சிக்கு ரோட்ட முழுசா அடைச்சுக் குடுக்கிறது கொஞ்ச நேரம்தான். மிச்சத்துக்கு வாடகைக் காரோ, கம்பெனி காரோ எடுத்துட்டு சாதாரண போக்குவரத்துக்கு நடுவுலயே சுத்தணும், எதிர்ல லாரி வரும், ஆட்டு மந்தை வரும். அதனால என்ன ஆச்சுன்னா உள்ளூர்க்காரனுக்கு ஒரு பலம் வந்துச்சு. நீனோ வக்கரெல்லா அப்படித்தான் வந்தாரு.

பலெர்மோக்காரர், அங்க ஒரு பள்ளிக்கூடத்த நடத்துனவரு, ஹெட்மாஸ்டரு. வாரநாள்ல ஸ்கூலு, மே மாசம் வந்தா ரேஸு. வெறும் உள்ளூர் வீரர்னு நினைச்சுடாதீங்க, 1964ல ஜான் கிஷேவோட சேர்ந்து லே மான்ஸ் 24 மணி நேர ரேஸையே ஃபெராரியில ஜெயிச்சவரு. டார்காவ மூணு தடவ, 1965ல லொரென்ஸோ பந்தீனியோட ஃபெராரியில, 1971ல டோய்ன் ஹெஸெமன்ஸோட ஆல்ஃபாவுல, 1975ல ஆர்துரோ மெர்ஸாரியோவோட மறுபடி ஆல்ஃபாவுல. அந்த மலையூருங்கள்ல சுவர் சுவரா "நீனோ வாழ்க"ன்னு பெயிண்ட்ல எழுதி வெச்சிருப்பாங்க, பழைய போட்டோவுல பின்னணியப் பாருங்க, கண்டிப்பா எங்கயாவது அந்தப் பேரு தெரியும். நம்ம வாத்தியாரு ஃபெராரி ஓட்டிட்டு நம்ம வீட்டு வாசல்ல போறாருன்னா அந்த ஊரு எப்படி இருந்திருக்கும்! 2021ல காலமாயிட்டாரு.

நாலாவது கியர்:

மலைப்பாதை, கார்பரேட்டர் அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சுட்டேன். நீங்க சொன்னப்புறம் அந்தப் போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், பின்னாடி சுவர்ல நீனோன்னு இருக்கு! நாலு எழுத்து, பாதி மறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு.

போர்ஷேதான் 12 தடவ ஜெயிச்சு இங்க அதிக வெற்றின்னு ஒரு எடத்துல படிச்சேன். அந்தக் காலத்துல ஃபெராரிகிட்ட பெரிய எஞ்சின் இருந்துச்சு, போர்ஷேகிட்ட சின்ன எஞ்சின், அப்புறம் எப்படி? அப்புறம் ஏன் நின்னுச்சுங்கிறது இன்னும் வரல.

மலைப்பாதை:

பன்னெண்டு இல்ல, பதினொண்ணு. 1956, 59, 60, 63, 64, அப்புறம் 1966லருந்து 70 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு, கடைசியா 73. எண்ணிப் பாத்துக்குங்க. ஃபெராரி ஏழு.

சின்ன எஞ்சின்தான் இங்க பலம். நேர்கோடு ஒண்ணே ஒண்ணு, மிச்சமெல்லாம் வளைவு, ஏத்தம், எறக்கம், குழி. அங்க குதிரைசக்தி அதிகமா இருந்தா அத ரோட்டுல எறக்க முடியாது, பின் டயரு சுத்திட்டே இருக்கும், ஓட்டுறவன் களைச்சுப் போவான். லேசான காரு, சீக்கிரம் திரும்புற காரு, நல்ல பிரேக்கு, இதான் வேணும். 1956ல உம்பெர்த்தோ மாலியோலி ஜெயிச்ச போர்ஷே 550ஏ வெறும் ஒண்ணரை லிட்டர் எஞ்சின், அந்தக் கம்பெனிக்கு ஒரு பெரிய ரேஸ்ல ஒட்டுமொத்த மொத எடம் கெடச்சதே அதுலதான். ரோடு முழுக்க அவரே ஓட்டியிருக்காரு, ஆள் மாத்தாம.

1970ல போர்ஷேகிட்ட 917 இருந்துச்சு, லே மான்ஸ்ல அந்த வருஷம் ஜெயிச்ச ராட்சசன். அத இங்க ரேஸ்ல எறக்கவே இல்ல. இதுக்காகவே 908/3ன்னு ஒரு குட்டிக் காரு செஞ்சாங்க, மூணு லிட்டர், எடை 550 கிலோவுக்குள்ள. ஓட்டுறவன் கால் முன் சக்கரத்தோட அச்சுக்கும் முன்னாடி நீட்டிட்டு இருக்கும், அவ்ளோ முன்னாடி உக்கார வெச்சாங்க, எடை சமமா இருக்கணும்னு. மோதினா மொத அடி காலுக்கு. யோ சிஃபர்ட்டும் பிரையன் ரெட்மனும் அதுல ஜெயிச்சாங்க. அதே ரேஸ்ல இன்னொரு 908/3ல ஃபின்லாந்துக்காரர் லியோ கின்னுனென் 33 நிமிஷம் 36 செகண்டுல ஒரு சுத்து வந்தாரு, சராசரி மணிக்கு 128 கிலோமீட்டர், அந்தத் தெருவுல, அந்த வாசப்படி பக்கத்துல. அந்த ரெக்கார்டு அப்புறம் உடையவே இல்ல.

எனக்குப் பிடிச்ச ரேஸ் 1968. விக் எல்ஃபோர்டு, அந்த வருஷ ஜனவரியிலதான் மான்டி கார்லோ ராலி ஜெயிச்சவரு. மொத சுத்துலயே சக்கரத்துல கோளாறு, நட்டு லூசாகி, அப்புறம் டயர் வேற போயி கிட்டத்தட்ட 18 நிமிஷம் நஷ்டம். வேற எந்த ரேஸா இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. இவரு சுத்து ரெக்கார்ட உடைச்சுட்டே வந்தாரு, கூட ஓட்டினது அதே மாலியோலி, பன்னெண்டு வருஷம் கழிச்சு. ஜெயிச்சாங்க. ராலிக்காரனுக்கு தெரியாத வளைவுலயும் காரு வழுக்குறப்போ பயம் வராது, டார்காவுல அதான் வேலை செஞ்சிருக்குன்னு நான் நம்புறேன்.

செர்டா போனவன்:

ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இந்தத் திரியப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. நான் அங்க போயிருக்கேன். வேலை விஷயமா இத்தாலி போனப்போ நாலு நாள் லீவு சேத்துப் போட்டு பலெர்மோ போயி ஒரு சின்ன வாடகைக் காரு எடுத்தேன்.

கடலோரத்துலருந்து செர்டாவுக்கு ஏறுற வழியில இடிஞ்சும் இடியாமலும் ஒரு நீளமான மேடை, எதிர்ல பிட்டுக் கட்டடம். ஃப்ளோரியோபொலிஸ்னு பேரு, ஃப்ளோரியோ நகரம்னு அர்த்தம், ஆனா நகரமெல்லாம் இல்ல, நான் போன அன்னிக்கு அங்க நானும் காத்தும் மட்டும்தான். படியில புல்லு மொளச்சிருக்கு. காரு நிறுத்துற கட்டத்துக்குள்ள போயி நின்னேன், அகலம் என் கைய விரிச்சா ரெண்டு மூணு ஆளு அளவு, மேல கான்கிரீட்டு. முன்னாடி போறது சாதாரண ரோடு, ஒரு பழைய ஃபியட்டுல ஒரு பாட்டியும் தாத்தாவும் போனாங்க, அவ்ளோதான். இதே எடத்துல ஜாக்கி வெச்சு டயர் மாத்தி பெட்ரோல் ஊத்தி அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சப்போ கொஞ்ச நேரம் அங்கேருந்து நகர முடியல.

அப்புறம் ஓட்ட ஆரம்பிச்சேன். கின்னுனென் 33 நிமிஷத்துல வந்தத நான் வர்றதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அதுல ஒரு எடத்துல மண்ணு சரிஞ்சு ரோடு பாதி இல்ல, ஒரு எடத்துல ஆட்டுக்காக நின்னேன். மெதுவா போனாலும் அம்பது வளைவு தாண்டினப்புறம் எது முன்னாடி வந்துச்சுன்னு தல சுத்திருச்சு. ஒரே மாதிரி மூணு வளைவு வரும், மொத ரெண்டும் விரிஞ்சு போகும், மூணாவது திடீர்னு மடங்கும், ஓரத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லுக்கட்டு, அதுக்கந்தப் பக்கம் ஒண்ணுமில்ல. ஞாபகம் வெச்சுக்கிறதுன்னா என்னன்னு எனக்கு அந்த மூணாவது வளைவுலதான் புரிஞ்சுது.

கொல்லெசானோவுல டார்கா ஃப்ளோரியோ மியூசியம் இருக்கு, சின்னதுதான், போறவங்க விட்டுடாதீங்க. அங்க ஊருக்குள்ள ஒரு காப்பிக்கடையில பெரியவர் ஒருத்தர், என் கையில மேப்பப் பாத்துட்டு தானா வந்து பேசினாரு. எனக்கு இத்தாலிய மொழி அரைகுறை, அவரு கையாலதான் பாதி பேசினாரு. காரு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பள்ளத்தாக்குல சத்தம் கேக்குமாம், ஒரு பக்கம் கேக்கும், மறையும், இன்னொரு பக்கம் கேக்கும், சத்தத்த வெச்சே போர்ஷேவா ஆல்ஃபாவான்னு சின்னப் பசங்க பந்தயம் கட்டுவாங்களாம். அம்மாமாருங்க நாற்காலிய வீட்டு வாசலுக்கு எடுத்துட்டு வந்து உக்காருவாங்களாம். அவரு சொல்லும்போது ரெண்டு விரல சேத்துக் காட்டினாரு, சுவருக்கும் காருக்கும் இவ்ளோதான் இடைவெளின்னு.

அது எப்படி 1957க்கு அப்புறமும் நடந்துச்சுன்னு கேட்டீங்களே, எனக்குக் கெடச்ச பதில் அந்தக் கடையிலதான் கெடச்சுது. அங்க ரேஸு ஊருக்குள்ள வரல, ஊரே ரேஸுல இருந்துச்சு. 1955ல மோஸ் மெர்சிடிஸ ரோட்ட விட்டு கீழ வயல்ல எறக்கிட்டாரு, அங்க நின்ன சனம்தான் எறங்கி தள்ளி மேல ஏத்தி விட்டுச்சு. நசுங்கின காரோட பிட்டுக்கு வந்து, பீட்டர் காலின்ஸ்கிட்ட குடுத்து, கடைசியில ஜெயிச்சாங்க, அந்த வருஷ உலக சாம்பியன்ஷிப்பே அந்த ரேஸ்லதான் மெர்சிடிஸுக்கு முடிவாச்சு. ஜெர்மன் காருன்னு 1924ல கல்லுக்குப் பயந்த அதே மலையில.

பழைய கார்பரேட்டர்:

போனவரே, அருமையா எழுதியிருக்கீங்க, இனிமே படிச்சுட்டு மட்டும் இருக்காதீங்க.

ஆனா ஒரு விஷயத்துல நான் கொஞ்சம் மாறுபடுறேன், சனத்தோட பாசத்தால மட்டும் 20 வருஷம் நீடிக்கல. 1957 மே 12ல மில்லே மிலியாவுல ஆல்ஃபோன்ஸோ தெ போர்த்தாகோ ஓட்டின ஃபெராரி டயர் வெடிச்சு, க்விதிட்ஸோலோ கிட்ட சனத்துக்குள்ள பாஞ்சுது, அவரும் கூட இருந்த எட்மண்ட் நெல்சனும், பாத்துட்டிருந்த ஒம்போது பேரும் போயிட்டாங்க, அதுல அஞ்சு பேரு குழந்தைங்க. அது நேர்கோட்டு ரோடு, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல வேகம். அதோட மில்லே மிலியா முடிஞ்சுது. அந்த வருஷம் டார்காவும் வேகப் போட்டியா நடக்கல, குறிச்ச நேரத்துக்கு ஒழுங்கா ஓட்டுற போட்டியா மாத்தித்தான் நடத்தினாங்க. 1958ல திரும்ப வேகப் போட்டியா வந்துச்சு. காரணம், மலைவளைவுல வேகம் கம்மி, ஒரே சுத்த திரும்பத் திரும்ப வர்றதால போலீஸு நிறுத்தறதும் சுலபம், 1600 கிலோமீட்டருக்குக் காவல் போட முடியாது, 72க்கு ஓரளவுக்குப் போடலாம். இந்தக் கணக்குதான் காப்பாத்துச்சு. வின்சென்ஸோ ஃப்ளோரியோ 1959 ஜனவரியில இறந்துட்டாரு, ஆனா அப்போ ரேஸு அவரு கைய விட்டுப் பெருசா வளந்தாச்சு.

பிரச்சனை என்னன்னா காரு அதே மாதிரி நிக்கல. 1906ல 47, 1970ல 128, ரோடு மட்டும் அதே அகலம். 1971ல ரெட்மன் 908/3ல மொத சுத்துலயே ஸ்டீரிங் உடைஞ்சு மோதி தீப்பிடிச்சு கடுமையா எரிஞ்சு காயம்பட்டாரு. மலைக்குள்ள எங்கயோ நடக்குது, ஆம்புலன்ஸு எவ்ளோ சீக்கிரம் போக முடியும்? போன வருஷம் அதே மலையில ஜெயிச்ச மனுஷன்.

1972 பத்தியும் ஒரு வரி, ஃபெராரி ஒரே ஒரு காரு அனுப்புனாங்க, ஆல்ஃபா நாலு காரு. மெர்ஸாரியோவும் ராலி ஓட்டுற சாந்த்ரோ முனாரியும். கடைசியில ஹெல்முட் மார்கோ ஆல்ஃபாவுல துரத்து துரத்துன்னு துரத்தி 33 நிமிஷம் 41 செகண்டுல ஒரு சுத்து வந்து, 17 செகண்டுல தோத்தாரு. ஆறு மணி நேரத்துக்கு மேல ஓட்டி 17 செகண்டு.

1973தான் உலக சாம்பியன்ஷிப்ல கடைசி. ஃபெராரி, ஆல்ஃபா பெரிய காருங்க எல்லாம் மோதியும் கெட்டும் விழுந்துச்சு, ஹெர்பர்ட் முல்லரும் கைஸ் வான் லென்னெப்பும் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஆர்ல ஜெயிச்சாங்க, கிட்டத்தட்ட ரோட்டுல ஓடுற காரோட அண்ணன் அது. அதோட சர்வதேச சம்மேளனம் இந்த ரோட்டுக்குப் பாதுகாப்பு போதாதுன்னு பட்டியல்லருந்து எடுத்துட்டாங்க. என்னைக் கேட்டா டார்கா ஃப்ளோரியோ அன்னிக்கே முடிஞ்சுது.

மலைப்பாதை:

அண்ணே, 1973ல முடிஞ்சுதுன்னு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வெளியூரு கம்பெனிங்களுக்கு முடிஞ்சிருக்கலாம். 1974ல லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஜெயிச்சுது, 1975ல வக்கரெல்லா 42 வயசுல திரும்ப வந்து ஜெயிச்சாரு. அந்த மலைக்காரனுக்கு அதுவும் டார்காதான், சொல்லப்போனா அதுதான் டார்கா, அவங்க வாத்தியாரு ஜெயிச்சது.

முடிஞ்சது 1977. நாலாவது சுத்துல, அந்த கடலோர நேர்கோடு முடியிற எடத்துல, ஒசெல்லா காரு ஒண்ணு கட்டுப்பாட்ட இழந்து சனத்துக்குள்ள போயிருச்சு. பாத்துட்டிருந்த ரெண்டு பேரு இறந்தாங்க, இன்னும் சில பேருக்கு மோசமான காயம். ரேஸ அங்கயே நிறுத்தினாங்க. 1978லருந்து அதே பேருல ராலியா நடத்துறாங்க, துண்டு துண்டா ரோட்ட அடைச்சு நேரம் பாக்குறது. ராலி நல்லதுதான், ஆனா பழைய சுத்து அதோட போச்சு.

நான் அந்த ரேஸ உயிரா நேசிக்கிறவன், ஆனாலும் நிறுத்தினது சரின்னுதான் சொல்வேன். இறந்தவங்க ரெண்டு பேரும் அவங்க ஊரு ரேஸப் பாக்க வந்தவங்க. அத ஏத்துக்கிட்டு இன்னொரு வருஷம் நடத்தியிருக்க முடியாது.

நாலாவது கியர்:

அந்தப் போட்டோவ நான் மொதல்ல பாத்தப்போ எவ்ளோ அழகுன்னுதான் தோணுச்சு. இப்போ அந்த வாசப்படியில நிக்கிற ஆளையே பாத்துட்டு இருக்கேன். கை கட்டிட்டு, கொஞ்சமா பின்னாடி சாஞ்சு, காரு போறத விட ஓட்டுறவன் மூஞ்சிய பாக்குற மாதிரி நிக்கிறாரு.

செர்டா போனவரே, இன்னொண்ணு மட்டும். நானும் ஒரு நாள் போவேன்னு வெச்சுக்குங்க, எங்கேருந்து ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கமா சுத்துறது?

செர்டா போனவன்:

ஃப்ளோரியோபொலிஸ்ல ஆரம்பிங்க, மேடைக்கு எதிர்ல வண்டிய நிறுத்த எடம் இருக்கு. கடலுக்கு முதுக காட்டி செர்டா பக்கமா மேல ஏறுங்க, கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம், அவங்க ஓட்டினதும் அப்படித்தான். விடியக்காலையில கிளம்பினா செர்டா தாண்டினதும் வெயில் இடதுபக்கத்துலருந்து வரும், கண்ணுல அடிக்காது. பெட்ரோல் கீழயே போட்டுக்குங்க. மண்சரிவு இருக்கான்னு ஊருல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறுங்க. கொல்லெசானோவுல மதியத்துக்கு முன்னாடி போயிருங்க, மத்தியானம் கடையெல்லாம் மூடிருவாங்க. அந்தப் பெரியவரு இருந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க, காப்பிக்கடை மெயின் ரோட்டு வளைவுலயே இருக்கு, சுவர் பக்கத்து மேசை.